முதல் நிரலை எந்த எடிட்டரில் எழுதுவது?

நிரல் எழுதக் கற்க உட்காரும் பலர், முதல் வரியை அடிக்கும் முன்பே ஒரு கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள்: எந்த எடிட்டரில், அதாவது நிரலை அடித்துத் திருத்தும் எந்த மென்பொருளில், எழுதுவது? யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் ‘விஎஸ் கோட்’ என்கிறார்கள். அதைத் தவறான பதில் என்று சொல்ல முடியாது. நிரல் எழுதுபவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2023-ல் எடுத்த கருத்துக்கணிப்பில் பங்கேற்றவர்களில் 73 விழுக்காட்டுக்கும் மேலானோர் அதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் நிரல் எழுதுவதையே வேலையாகக் கொண்டவர்கள். நேற்றுதான் தொடங்கியவருக்கு வேண்டியது வேறு.

தொடக்கத்தில் நடப்பது ஒரே சுற்றுதான். ஒரு வரி எழுதுகிறோம், ஓட்டிப் பார்க்கிறோம், பிழை வருகிறது, திருத்துகிறோம், மறுபடி ஓட்டுகிறோம். இது எவ்வளவு சீக்கிரமாக, குழப்பமில்லாமல் நடக்கிறதோ அவ்வளவு வேகமாகக் கை பழகும். அதனால் எடிட்டரை எடைபோட நான் பார்ப்பது ஒன்றைத்தான்: எழுதிய வரிக்கும் அதன் விளைவுக்கும் நடுவே எத்தனை விஷயங்கள் குறுக்கே நிற்கின்றன? கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

முதலில் ஒதுக்க வேண்டியது

நிரல் கோப்பில் எழுத்துகளைத் தவிர வேறெதுவும் கிடையாது. தடித்த எழுத்து இல்லை, எழுத்துரு அளவு இல்லை, நிறமும் இல்லை. எடிட்டரில் பச்சையும் நீலமுமாகத் தெரிகிறதே என்றால், அந்த நிறங்கள் நாம் பார்ப்பதற்காகத் திரையில் மட்டும் பூசப்படுபவை. சேமிக்கும்போது அவை கோப்புக்குள் போவதில்லை.

மைக்ரோசாஃப்ட் வேர்ட், லிப்ரே ஆபீஸ் ரைட்டர் போன்றவை இதற்கு நேர் எதிர். எழுத்தோடு அலங்காரத்தையும் சேர்த்தே சேமிக்கும். அதைவிடப் பெரிய தொல்லை, நாம் அடிப்பதை அவை ‘திருத்துவது’. நேரான மேற்கோள் குறியை அடித்தால் வளைந்த குறியாக மாற்றும். இரண்டு கழித்தல் குறிகளை நீளக் கோடாக்கும். வரியின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும். பைத்தான் என்ற நிரல் மொழியில் ‘பிரிண்ட்’ என்ற கட்டளையின் முதல் எழுத்து சின்ன எழுத்தாக இருந்தால்தான் வேலை நடக்கும். பெரிய எழுத்தானால் அப்படி ஒரு பெயரே தெரியாது என்று சொல்லிவிடும். வளைந்த மேற்கோள் குறியைப் பார்த்தால் ‘இன்வேலிட் கேரக்டர்’ என்று பிழை காட்டும். கண்ணுக்கு இரண்டு குறிகளும் ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள்.

எடிட்டர் சரியானதாக இருந்தாலும் இந்தத் தொல்லை வேறு வழியில் வரும். பிடிஎஃப் பாடப்புத்தகத்திலிருந்தோ வலைப்பக்கத்திலிருந்தோ நிரலை நகலெடுத்து ஒட்டும்போது வளைந்த குறிகளும் கூடவே வந்துவிடுவது உண்டு. ஒட்டிய நிரல் ஓடவில்லை என்றால் முதலில் மேற்கோள் குறிகளை எல்லாம் அழித்துக் கையால் மறுபடி அடித்துப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

மேக் கணினியில் கூடவே வரும் டெக்ஸ்ட்எடிட்டும் இதே ரகம்தான். திறந்தவுடன் அலங்கார ஆவணமாகத்தான் தொடங்கும். ஃபார்மட் மெனுவில் ‘மேக் பிளெய்ன் டெக்ஸ்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் நிரலுக்கு ஆகும். ஆனால் ஒவ்வொரு முறையும் நினைவு வைத்துச் செய்ய வேண்டிய வேலை எதுவும் தொடக்கத்தில் வேண்டாம் என்பது என் கருத்து.

நோட்பேட் போதுமா?

விண்டோஸில் ஏற்கெனவே இருக்கிறது, எதையும் நிறுவ வேண்டாம், திறந்ததும் எழுதலாம். அது எழுத்தை எழுத்தாகவே சேமிக்கும். அந்த வகையில் நோட்பேடில் நிரல் எழுத முடியும். வலைப்பக்கத்துக்கான மொழியான எச்டிஎம்எல்லில் ஒரே ஒரு பக்கம் எழுதி உலாவியில் திறந்து பார்க்க அது போதும், வேறொன்றும் வேண்டாம்.

சிக்கல் சேமிப்பதில் தொடங்குகிறது. ‘வணக்கம்.பிஒய்’ என்று பெயர் கொடுத்துச் சேமிக்கிறீர்கள் (‘பிஒய்’ என்பது பைத்தான் கோப்பின் பின்னொட்டு). கோப்பு வகைப் பெட்டியில் ‘டெக்ஸ்ட் டாக்குமென்ட்ஸ்’ என்றே இருந்தால், உண்மையில் சேமிக்கப்படும் பெயர் ‘வணக்கம்.பிஒய்.டிஎக்ஸ்டி’ ஆகிவிட வாய்ப்புண்டு. விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை வழக்கமாக மறைத்தே காட்டும் என்பதால் பட்டியலில் ‘வணக்கம்.பிஒய்’ என்றுதான் தெரியும். பைத்தானிடம் அந்தப் பெயரைச் சொன்னால் அப்படி ஒரு கோப்பு இல்லை என்கிறது. நமக்கோ கண்ணெதிரே இருக்கிறது. நிரலில் ஒரு தப்பும் இல்லாமலே ஒரு மாலை முழுதும் இதில் போய்விடும். சேமிக்கும்போது வகையை ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றுவது ஒரு வழி. அதைவிட நல்லது, ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் பின்னொட்டுகளைக் காட்டும்படி ஒரேயடியாக மாற்றிவிடுவது. எந்த எடிட்டரை எடுத்தாலும் இந்த மாற்றத்தை முதல் நாளே செய்துவிடுங்கள்.

அடுத்தது இடைவெளி. பைத்தானில் ஒரு வரி எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பதை அதன் முன்னால் விடும் இடைவெளிதான் தீர்மானிக்கிறது. வழக்கமாக நான்கு இடைவெளி விடுவார்கள். நோட்பேடில் டேப் விசையை அழுத்தினால் உள்ளே போவது ஒரு டேப் குறி. ஒரு வரியில் டேப், அடுத்த வரியில் வெறும் இடைவெளி என்று கலந்துவிட்டால் பைத்தான் 3 ‘டேப் எரர்’ போன்ற பிழையைக் காட்டி நின்றுவிடும். திரையில் இரண்டு வரிகளும் நேராகவே நிற்பது போலத் தெரிந்தால் எங்கே தப்பு என்று கண்டுபிடிப்பதே கடினம். நிரலுக்கென்றே செய்த எடிட்டர்கள் இந்த வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன: டேப் விசையை அழுத்தினால் நான்கு இடைவெளியைப் போடும், எண்டர் தட்டினால் அடுத்த வரியைச் சரியான இடத்தில் தொடங்கும்.

நிரலுக்குள் தமிழ் எழுதுபவர்களுக்கு ஒரு செய்தி. 2019-ல் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட், எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்திலேயே சேமிக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் நாமாக மாற்றாவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிப் போகும். பைத்தான் 3-ல் மாறியின் (ஒரு மதிப்பைப் போட்டு வைக்க நாம் வைக்கும் பெயர்) பெயரைக்கூடத் தமிழில் வைக்கலாம். ‘வயது’ என்று ஒரு மாறி வைத்து அதில் 12 என்று எழுதினால் அப்படியே ஓடும். கற்கும் காலத்தில் இது நல்ல வசதி. எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

ஆக, பைத்தானுக்கு நோட்பேட் வேண்டாம். அவசரத்துக்கு ஒரு கோப்பைத் திறந்து பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பைத்தான் என்றால்: ஐடில், தானி

விண்டோஸிலும் மேக்கிலும் பைத்தானை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து நிறுவினால் ‘ஐடில்’ என்ற சிறிய எடிட்டரும் கூடவே வரும். எஃப்5 விசையை அழுத்தினால் போதும், நிரல் ஓடும். ஓடுவதற்கு முன் சேமிக்கச் சொல்லிக் கேட்கும். நிறம் காட்டும், இடைவெளியைப் பார்த்துக்கொள்ளும். லேசானது, பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும்.

அதன் குறை, திறந்தவுடன் வரும் சாளரம். மூன்று ‘>>>’ குறிகளோடு நிற்கும் அது கோப்பு எழுதும் இடமே இல்லை. ஒவ்வொரு வரியையும் அங்கேயே ஓட்டிப் பதில் சொல்லும் ஷெல். புதியவர் நிரலை முழுதாக அதிலேயே அடித்துவிட்டு, மூடித் திறந்தால் ஒன்றையும் காணோம் என்று திகைப்பார். ஃபைல் மெனுவில் ‘நியூ ஃபைல்’ கொடுத்தால்தான் எடிட்டர் சாளரம் வரும். வரி எண்களும் தாமாகத் தெரியாது. ஆப்ஷன்ஸ் மெனுவில் கேட்டு வாங்க வேண்டும். பிழைச் செய்தி ‘ஏழாவது வரியில் தப்பு’ என்று சொல்லும்போது வரி எண் இல்லாமல் எண்ணிக்கொண்டிருப்பது வீண் வேலை, உடனே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் நான் மனதாரப் பரிந்துரைப்பது தானியைத்தான். எஸ்டோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில், பைத்தான் கற்பவர்களை மனதில் வைத்தே உருவாக்கப்பட்டது. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விண்டோஸிலும் மேக்கிலும் அதன் நிறுவிக்குள்ளேயே பைத்தானும் இருக்கிறது. தனியாக நிறுவவோ, பாதை அமைக்கவோ, எந்தப் பைத்தான் என்று தேர்ந்தெடுக்கவோ வேண்டாம். ராஸ்பெரி பை கணினியின் இயங்குதளத்திலும் இதைத்தான் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

திறந்தால் மேலே எழுதும் இடம், கீழே ஷெல். இரண்டும் ஒரே சாளரத்தில் பிரித்து நிற்பதால் ஐடிலில் வரும் குழப்பம் இங்கே இல்லை. ஒரு மேற்கோள் குறியைத் திறந்துவிட்டு மூட மறந்தால் அந்த வரி வேறு பின்னணி நிறத்தில் தெரியும்; மூடாத அடைப்புக்குறியையும் அப்படியே காட்டிக்கொடுக்கும். ‘வியூ’ மெனுவில் மாறிகளின் பலகையைத் திறந்து வைத்தால், எந்த மாறியில் இப்போது என்ன மதிப்பு இருக்கிறது என்பது பக்கத்திலேயே தெரியும்.

தானியின் உண்மையான அருமை நிரலை மெதுவாக ஓட்டிப் பார்ப்பதில் இருக்கிறது. இரண்டு பாடங்களின் சராசரியைக் கணக்கிட ‘(72 + 64) / 2’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கன்ட்ரோலும் எஃப்5-ம் அழுத்தி, பிறகு எஃப்7 விசையை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். முதலில் அடைப்புக்குள் உள்ள பகுதி தனியே எடுத்துக்காட்டப்படும்; அடுத்தடுத்த தட்டில் அந்த இடத்தில் 136 வந்து உட்காரும்; இன்னும் தட்டினால் முழுக் கணக்கும் 68.0 என்று சுருங்கும். அப்புறம்தான் அந்த மதிப்பு மாறிக்குள் போகும். அடைப்புக்குறியை விட்டுவிட்டு எழுதிப் பாருங்கள்: முதலில் 64-ஐ 2 வகுப்பது கண்ணெதிரே நடக்கும், விடை 104.0 என்று வரும். எது முன்னால் கணக்கிடப்படுகிறது என்று பத்துப் பக்கம் படித்தாலும் பதியாத விஷயம், இப்படி ஒரு முறை தட்டிப் பார்த்தால் பதிந்துவிடும். செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றை அழைக்கும்போது அதற்கென்று தனியாக ஒரு சாளரம் திறந்து, அதன் மாறிகளைத் தனியே காட்டும். உள்ளே உள்ள மாறியும் வெளியே உள்ள மாறியும் ஒரே பெயரில் இருந்தாலும் வேறு வேறு என்பது அங்கே புரியும்.

இதற்கும் எல்லை உண்டு. தானி பைத்தானுக்கானது. எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் எழுத வேண்டுமானால் வேறு இடம் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து கோப்புகள் கொண்ட திட்டத்துக்கும் அது தோதுப்படாது. ஆனால் முதல் மாதத்தில் யாரும் அந்த அளவுக்கு எழுதப் போவதில்லை.

விஎஸ் கோட்: எப்போது, எப்படி

மைக்ரோசாஃப்ட் 2015-ல் அறிமுகப்படுத்திய எடிட்டர் இது. இலவசம், மூன்று இயங்குதளங்களிலும் ஓடும். பதிவிறக்கும்போது பெயரைச் சரியாகப் பாருங்கள்: ‘விஷுவல் ஸ்டூடியோ’ என்பது வேறு மென்பொருள், பல ஜிபி பிடிக்கும் பெரிய தொகுப்பு. நமக்கு வேண்டியது ‘விஷுவல் ஸ்டூடியோ கோட்’.

முதல் முறை திறப்பவருக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வரவேற்புப் பக்கம் வருகிறது, கணக்கில் நுழையச் சொல்கிறது. ஒரு ஃபோல்டரைத் திறந்தால், இதில் உள்ளதை எழுதியவர்களை நம்புகிறீர்களா என்று கேட்கிறது. பைத்தான் கோப்பைத் திறந்தால் பைத்தான் எக்ஸ்டென்ஷனை (எடிட்டரோடு சேர்க்கும் கூடுதல் வசதி) நிறுவலாமா என்று மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்க்கிறது. நிறுவினால் எந்த இன்டர்பிரெட்டர், அதாவது நிரலை ஓட்டும் எந்தப் பைத்தான், என்று தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. அதற்குள் பட்டியல் காலியாக இருந்தால் திகைப்புதான். விஎஸ் கோட் வெறும் எடிட்டர். அதற்குள் பைத்தான் கிடையாது. பைத்தானைத் தனியாக நிறுவ வேண்டும், விண்டோஸில் நிறுவும்போது, கட்டளைகளை விண்டோஸ் தேடும் இடங்களின் ‘பாத்’ பட்டியலில் சேர்க்கும் கட்டத்தில் டிக் போட வேண்டும். இதைச் செய்யாமல் டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் சாளரம்) பைத்தான் என்று அடித்தால், விண்டோஸ் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரைத் திறந்து காட்டுவதும் உண்டு. ஒவ்வொரு படியும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானதுதான். ஒரு வரி கூட ஓட்டிப் பார்க்காதவர் முன்னால் அத்தனையும் வரிசையாக வந்து நிற்பதுதான் பிரச்சினை.

இரண்டு பழக்கங்கள் இருந்தால் இதில் பாதித் தொல்லை குறையும். ஒன்று, எப்போதும் ஃபோல்டரைத் திறங்கள், தனிக் கோப்பைத் திறக்காதீர்கள். டெர்மினல் அந்த ஃபோல்டரிலேயே தொடங்கும். நிரல் பக்கத்தில் உள்ள இன்னொரு கோப்பைப் படிக்க முயலும்போது ‘கோப்பு இல்லை’ என்ற பிழை அவ்வளவாக வராது. இரண்டு, கோப்பின் பெயர் உள்ள தாவலைக் கவனியுங்கள். மூடும் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வட்டப் புள்ளி தெரிந்தால் இன்னும் சேமிக்கவில்லை என்று பொருள். கணினியில் நிறுவிய விஎஸ் கோட் தானாகச் சேமிக்காது. சேமிக்காமல் டெர்மினலில் நீங்களே நிரலை ஓட்டினால் பழைய நிரல்தான் ஓடும். திருத்திய பிறகும் அதே பிழை வருகிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. ஃபைல் மெனுவில் ‘ஆட்டோ சேவ்’ என்பதை ஒரு தட்டு தட்டிவிடுங்கள்.

இதையெல்லாம் தாண்டிவிட்டால் விஎஸ் கோட் அள்ளிக் கொடுக்கிறது. நிரலை ஓட்டும் முன்பே தவறான சொல்லின் கீழ் நெளிகோடு போடும். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் நகலெடுக்கும்போது உள்ளே நுழைந்தால் கட்டம் போட்டுக் காட்டும். எச்டிஎம்எல் கோப்பில் ஆச்சரியக்குறி ஒன்றை அடித்து டேப் விசையைத் தட்டினால் ஒரு பக்கத்துக்கு வேண்டிய எலும்புக்கூடு முழுதும் வந்துவிடும். ஒரே ஃபோல்டரில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் வைத்து வேலை செய்ய இதைவிட வசதியான இலவச எடிட்டர் எனக்குத் தெரியாது. அதனால் வலைப்பக்கம் செய்யத்தான் கற்கிறீர்கள் என்றால் முதல் நாளிலிருந்தே விஎஸ் கோட் சரி. வலைப்பக்கத்தை ஓட்டுவது உலாவி என்பதால், மேலே சொன்ன இன்டர்பிரெட்டர் சிக்கல் எதுவும் அங்கே வராது.

எக்ஸ்டென்ஷன் விஷயத்தில் மட்டும் கை கட்டுப்பாடு வேண்டும். ‘கட்டாயம் வேண்டிய இருபது எக்ஸ்டென்ஷன்கள்’ என்ற காணொளிகளைப் பார்த்து எல்லாவற்றையும் போட்டால், எந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போகும். எழுதும் மொழிக்கு ஒன்று, அவ்வளவே. பலர் பரிந்துரைக்கும் ‘கோட் ரன்னர்’ கூடப் புதியவருக்கு ஒரு பொறி வைத்திருக்கிறது. அது விளைவைக் காட்டும் பலகையில் நாம் எதையும் அடிக்க முடியாது. பயனரிடம் பெயர் கேட்கும் நிரல் அங்கே அப்படியே நின்றுவிடும். அமைப்புகளில் ‘டெர்மினலில் ஓட்டு’ என்று மாற்றினால் தீரும்.

இன்னொன்று, செயற்கை நுண்ணறிவுப் பரிந்துரை. இப்போதைய விஎஸ் கோட்டில் கோபைலட் வசதி முன்னாலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அதை இயக்கிவிட்டால், நீங்கள் பாதி வரி அடிக்கும்போதே மீதி சாம்பல் நிறத்தில் தோன்றும். டேப் விசையைத் தட்டினால் ஏற்றுக்கொள்ளப்படும். வேலை தெரிந்தவருக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். கற்பவருக்கு, யோசிக்க வேண்டிய அந்த ஒரு கணத்தை அது பறித்துக்கொள்கிறது. ஒரு சுழற்சியை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று தடுமாறித் தானே கண்டுபிடித்தால்தான் அடுத்த முறை கை தானாக எழுதும். முதல் சில மாதங்களுக்கு அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள் என்று அழுத்தமாகவே சொல்வேன். ஐடிலில் இந்தப் பேச்சே இல்லை; தானியிலும் அது தானாக வந்து குறுக்கிடாது. நான் அவற்றை முன்னால் வைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நடுத்தர அளவில் சில

கணினி பழையது, நினைவகம் 4 ஜிபி தான் என்றால் விஎஸ் கோட் மூச்சு வாங்கும். அது எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்பட்டது. அதாவது உள்ளுக்குள் ஒரு உலாவியே ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே நோட்பேட்++ கைகொடுக்கும். டான் ஹோ 2003-ல் வெளியிட்டது, இன்றும் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது, விண்டோஸுக்கு மட்டும். சட்டென்று திறக்கும். சேமிக்காத தாவல்களைக்கூட மூடித் திறக்கும்போது நினைவில் வைத்திருக்கும். முன்னே சொன்ன டேப், இடைவெளிக் குழப்பத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இதுதான் இடம்: வியூ மெனுவில் ‘ஷோ சிம்பல்’ போட்டால் இடைவெளி புள்ளியாகவும் டேப் அம்புக்குறியாகவும் தெரியும். நிரலை ஓட்ட அதில் நேரடியான வசதி இல்லை; பக்கத்தில் கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து வைத்து ஓட்ட வேண்டும். அது ஒரு குறையாகத் தோன்றலாம். ஆனால் எடிட்டர் வேறு, பைத்தான் வேறு என்பது அப்படிச் செய்யும்போது நன்றாகப் புரியும்.

லினக்ஸில் அந்த இடத்துக்கு ஜீனி இருக்கிறது, கேடிஇ குழுவின் கேட் இருக்கிறது. இரண்டும் விண்டோஸிலும் மேக்கிலும் கிடைக்கும். ஜீனியில் எஃப்5 தட்டினால் நிரல் டெர்மினலில் ஓடும் என்பதால் புதியவருக்கு அது கொஞ்சம் கூடுதல் தோது.

சப்லைம் டெக்ஸ்ட் 2008-ல் வந்தது. பெரிய கோப்பையும் அலட்டாமல் திறக்கும். உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டும். கட்டாமலும் சோதித்துப் பார்க்கலாம், அவ்வப்போது வாங்கச் சொல்லி ஒரு பெட்டி வரும். எனக்குப் பிடித்த எடிட்டர்தான் என்றாலும் பைத்தான் தொடங்குபவருக்குச் சொல்ல மாட்டேன். காரணம் ஒன்றே: கன்ட்ரோல்-பி தட்டி ஓட்டினால் கீழே வரும் பலகை விளைவைக் காட்டும், நம்மிடமிருந்து எதையும் வாங்காது. உங்கள் பெயர் என்ன என்று கேட்கும் இரண்டு வரி நிரல் அங்கே ‘இஓஎஃப் எரர்’ என்று சொல்லி விழுந்துவிடும். எல்லோரும் எழுதும் முதல் நிரல்களில் ஒன்று அது. நிரலில் தப்பே இல்லாமல் பிழை வந்தால், கற்பவர் தன்மேல்தான் சந்தேகப்படுவார்.

பழைய பாடங்களில் ஆட்டம், பிராக்கெட்ஸ் என்ற பெயர்களைப் பார்க்கலாம். ஆட்டத்தை கிட்ஹப் 2022 டிசம்பர் 15-ல் நிறுத்திவிட்டது. பிராக்கெட்ஸுக்கு அடோபி 2021 செப்டம்பரோடு ஆதரவை முடித்துக்கொண்டது. அவற்றைத் தேடி நிறுவ வேண்டாம். பாடத்தில் உள்ள நிரலை வேறு எந்த எடிட்டரிலும் அப்படியே எழுதலாம்.

நானோ, விம்

டெர்மினலுக்குள்ளேயே ஓடும் எடிட்டர்கள் இவை. தொடக்கத்திலேயே இவற்றில் நிரல் எழுதப் போக வேண்டாம். ஆனால் வெளியே வரும் வழி மட்டும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் கேட்காமலே வந்து நிற்கும். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ கருவியைப் பயன்படுத்தத் தொடங்கி, குறிப்பு எழுதாமல் ‘கமிட்’ (மாற்றத்தைப் பதி) கொடுத்தால் பல கணினிகளில் விம் திறந்துவிடும். என்ன அடித்தாலும் எழுத்து வராது, எந்த விசையும் மூடாது. பயப்பட வேண்டாம். எஸ்கேப் விசையைத் தட்டி, கோலன் குறி, ‘கியூ’ எழுத்து, ஆச்சரியக்குறி மூன்றையும் அடித்து எண்டர் கொடுத்தால் எதையும் சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம். விம்மிலிருந்து எப்படி வெளியேறுவது என்ற கேள்வியை ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் பத்து லட்சம் முறைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள் என்று அந்தத் தளமே 2017-ல் எழுதியது.

நானோ அவ்வளவு கடினமில்லை. என்ன விசைக்கு என்ன வேலை என்று திரையின் அடியிலேயே எழுதியிருக்கும்: கன்ட்ரோல்-ஓ சேமிக்க, கன்ட்ரோல்-எக்ஸ் வெளியேற. தூரத்தில் உள்ள சர்வரில் ஒரு வரியைத் திருத்த இது போதும். விம்மை முறையாகக் கற்க ஆசை வந்தால் டெர்மினலில் ‘விம்டியூட்டர்’ என்று அடியுங்கள், பாடம் அதிலேயே தொடங்கும். ஒரு சின்ன எச்சரிக்கை: பல டெர்மினல்களில் தமிழ் எழுத்துகள் சரியாக அமையாது; கொம்பும் காலும் இடம் மாறும், கர்சர் ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக நிற்கும். தமிழ் அதிகம் வரும் கோப்பைச் சாளரமுள்ள எடிட்டரிலேயே திருத்துங்கள்.

கணினி இல்லாதவர்கள்

ஆண்ட்ராய்டு கைபேசி மட்டும்தான் இருக்கிறது என்றால் பைட்ராய்டு 3 என்ற செயலியில் இணையம் இல்லாமலே பைத்தான் ஓடும். எச்டிஎம்எல் எழுத ஏகோட் இருக்கிறது. உலாவியிலேயே எழுதி ஓட்டும் தளங்களும் உண்டு, ஆனால் அவற்றில் கோப்பு உங்களிடம் இருக்காது. எழுதியதை அவ்வப்போது பதிவிறக்கி வையுங்கள். கைபேசியில் அடைப்புக்குறிகளை அடிப்பது கைக்கு வலிதான். ஒரு புளூடூத் விசைப்பலகை கிடைத்தால் நிலைமையே மாறிவிடும்.

சரி, எதை எடுப்பது?

பைத்தான் தொடங்குகிறீர்களா, தானி. நிறுவ அனுமதி இல்லாத பொதுக் கணினியில் பைத்தான் மட்டும் இருக்கிறதா, ஐடில். வலைப்பக்கமா, விஎஸ் கோட். கணினி திணறினால் விண்டோஸில் நோட்பேட்++, மற்றதில் கேட் அல்லது ஜீனி. வகுப்பில் எல்லோரும் ஒரே எடிட்டரில் எழுதுகிறார்கள் என்றால் நான் இங்கே சொன்னதையெல்லாம் விட்டுவிட்டு அதையே எடுங்கள். பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்த்துக் கேட்டுத் தெளிவது எந்த வசதியையும் விடப் பெரியது.

தானியிலிருந்து எப்போது நகர்வது என்பதற்கு நாள் கணக்கு கிடையாது. நிரல் மூன்று நான்கு கோப்புகளாகப் பிரிந்துவிட்டதா, கிட் தேவைப்படுகிறதா, பைத்தானோடு எச்டிஎம்எல்லும் எழுத வேண்டியிருக்கிறதா? இவற்றில் ஒன்று வந்தாலும் விஎஸ் கோட்டுக்குப் போகலாம். எதையும் மாற்றி எழுத வேண்டியதில்லை, அதே ஃபோல்டரை அங்கே திறந்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தானிக்குள் இருக்கும் பைத்தான் வேறு, நீங்கள் புதிதாக நிறுவும் பைத்தான் வேறு. தானியின் ‘மேனேஜ் பேக்கேஜஸ்’ வழியாக நிறுவிய தொகுப்புகள் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்கள்) புதிய பைத்தானுக்குத் தெரியாமல் போகலாம். நேற்று வரை ஓடிய நிரல் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்றால், விஎஸ் கோட்டின் டெர்மினலில், தொகுப்புகளை நிறுவும் பிப் கட்டளையால் அந்தத் தொகுப்பை இன்னொரு முறை நிறுவுங்கள்.